இரண்டு மூட்டைக்கு ஓர் உயிர்

ஆசிரியர் அவர்களுக்கு,

இரண்டாம் உலகப் போர் என்றாலே போர்முனையைத்தான் எழுதுகிறோம். அமெரிக்கக் கிராமத்துப் பிள்ளைகள் வேலியோரம் காய் பறித்ததையும் எழுத வேண்டும்.

ஜாவாவை ஜப்பான் பிடித்ததும் கடலில் விழுந்தவரை மிதக்க வைக்கும் உயிர்காப்பு அங்கிகளுக்கான இலவம்பஞ்சு வரத்து நின்றது. மாற்றாகக் கிடைத்தது மில்க்வீட், நம் எருக்குக்கு உறவுச் செடி. 1944-இல் பள்ளிப் பிள்ளைகள் சாக்கோடு கிளம்பினார்கள்.

பக்குவம்தான் முக்கியம். காயைப் பிளந்தால் விதை பழுப்பாக இருக்க வேண்டும். வெள்ளையென்றால் பஞ்சு முற்றவில்லை. வெடித்துவிட்டாலோ, காற்றோடு போச்சு! பறித்ததைக் கண்ணி வைத்த வெங்காயச் சாக்கில் போட்டு, தரையில் படாமல் வேலிக் கம்பியில் தொங்கவிட்டார்கள். ஈரத்தோடு குவித்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். இரண்டு மூட்டைக் காயின் பஞ்சு ஓர் அங்கிக்குப் போதும். பஞ்சைப் பிரித்தெடுத்த ஆலை மிச்சிகன் மாநிலத்துப் பெட்டோஸ்கியில் இருந்தது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்