கல் படம் கிடைத்தது

கண்ணு,

நீ அனுப்பின மூணு கல் படமும் கிடைத்தது. 'எது அகேட், அப்பா?' என்று கேட்டதோடு சரி. இருபத்திரண்டு நாளாக ஒரு வார்த்தை இல்லை. மாப்பிள்ளை சௌக்கியம்தானே?

முதல் கல் அகேட்தான். குறுக்கே அரிந்த வெங்காயம் மாதிரி வரிவரியாக ஓடுகிறது பார். அங்கே அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரிப் பக்கம் 110 கோடி வருசத்துக்கு முன்னால் எரிமலைக் குழம்பு ஆறினபோது விழுந்த காற்றுக்குழிகளில் ஊறிப் படிந்தது. சிவப்பு, இரும்பினால் வந்தது. இரண்டாவதில் வரி இல்லை. நனைத்து வெயிலுக்கு நேராகப் பிடி. ஓரத்தில் வெளிச்சம் கசிந்தால் சூதுபவளம், இல்லையென்றால் ஜாஸ்பர். மூணாவது வெள்ளை. கத்தி முனையால் கீறு. கோடு விழுந்தால் கால்சைட்டாக இருக்கும், விழாவிட்டால் நம்ம காட்டு வெங்கச்சாங்கல்தான்.

ஏரிக்கரைக்குத் தனியாகப் போகாதே. மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ.

அந்த மூணாவது படத்தில் உன் கை தெரிகிறது. வளையலைக் காணோம். மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டிருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

1998-ல் கொடுமணலில் தொல்லியல்காரர்கள் குழி தோண்டினபோது உன்னைத் தோளில் வைத்துக் காட்டினேன். சூதுபவள மணியைப் பார்த்து, 'இந்தக் கல்லு நம்ம காட்டுல இல்லையேப்பா' என்றாய். தோண்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அப்படிப்பட்ட பிள்ளையைப் பிடிவாதமாகக் கம்ப்யூட்டருக்குச் சேர்த்தது நான்தான். நீயும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருக்கலாம்.

உன் பிஸ்கட் டப்பாவைத் தொலைத்தது அம்மா இல்லை, கண்ணு. எட்டாவதில் கணக்கில் மார்க்கு குறைந்ததற்கு, அவ்வளவு கல்லையும் களத்துக்குக் கலவை போடும்போது ஜல்லியோடு கொட்டிவிட்டேன். நீ அவளோடு ஒரு மாசம் பேசவில்லை. அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ராத்திரி அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். நான் கயிற்றுக்கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அவளை மாதிரி நீயும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடாதே.

நேற்று கடப்பாரையால் களத்தின் கிழக்கு மூலையைப் பெயர்த்தேன். ஒரே ஒரு கல் கிடைத்தது, படியூரில் நீ பொறுக்கின பச்சைக்கல். ஒரு பக்கம் சிமெண்டு அப்பியிருக்கிறது. வினிகரில் ஊறப்போட்டிருக்கிறேன். அம்மா தினமும் மூடியைத் திறந்து பார்க்கிறாள்.

தனியாகப் போகாதே. இங்கே நடுராத்திரியானாலும் பரவாயில்லை, போன் பண்ணு. தலைமாட்டில்தான் வைத்துக்கொண்டு படுக்கிறேன்.

அப்பா