காணொலியைப் புத்தகத்தோடு கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அரசுப் பள்ளிகளின் திறன்மிகு வகுப்பறைகள் பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். திரைகள் வருவது நல்லதுதான்; ஆனால் இணையம் தடுமாறும் ஊர்களில் அவை பாதி நேரம் சுவரில் தொங்கும் கறுப்புப் பலகைதான். 2018 முதல் நம் பாடநூல்களில், பாடக் காணொலிகளை இணையத்தில் திறக்கும் கியூஆர் கோடு இருக்கிறது. அதைச் செல்பேசியில் காட்டிவிட்டு, சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தைப் பிள்ளைகளோடு சேர்ந்து நானும் எத்தனையோ முறை வேடிக்கை பார்த்திருக்கிறேன். அப்புறம் ஒரு வழி பிடித்தேன். முந்தின இரவே வீட்டில் காணொலியைத் தரவிறக்கி, பென் டிரைவில் எடுத்துப் போய்விடுவேன். இதயத்தின் நான்கு அறைகளில் ரத்தம் ஓடுவதைப் பார்த்த அன்று, கடைசி பெஞ்சுப் பையன் எழுந்து, “டீச்சர், இன்னொரு தடவை போடுங்க” என்றான். ஆசிரியர்களுக்குப் பிடித்த கருவி எது என்று கேட்டால், காத்திருக்க வைக்காத கருவி என்பேன்.

எனவே, ஒவ்வொரு பருவப் பாடநூலோடும் அதன் காணொலிகள் அனைத்தையும் பதிந்த ஒரு பென் டிரைவைப் பள்ளிக்கு ஒன்றாகக் கல்வித்துறை வழங்கலாம்.

- அரசுப் பள்ளி ஆசிரியை, மன்னார்குடி