செயலாளர் ஆண்டறிக்கை: 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தெருவிளக்கு, சாக்கடை அடைப்பு, குடியிருப்புக்குள் காட்டுமாடு வருவது ஆகியவை பற்றி நகராட்சிக்கும் வனத்துறைக்கும் மனு கொடுத்தோம். சில முடிந்தன, சில நிலுவையில் உள்ளன. தணிக்கையான வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

மீதி நேரத்தை ஒரே விஷயத்துக்கு எடுத்துக்கொள்கிறேன்.

2024 ஏப்ரல் 19-இல் மக்களவைத் தேர்தல். அந்தச் சூடு தணிவதற்குள், உயர் நீதிமன்ற உத்தரவுப்படி மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வர இ-பாஸ், அதாவது வெளியூர் வண்டிகள் ஆன்லைனில் பதிந்து வாங்கும் அனுமதி, கட்டாயமானது. தேர்தலும் இ-பாஸும் நம் கொடைக்கானலில் ஒன்றாகக் கலந்துவிட்டன. பாஸ் வேண்டும் என்றால் இந்தக் கட்சி ஆள், வேண்டாம் என்றால் அந்தக் கட்சி ஆள் என்று முத்திரை குத்தினோம். லாட்ஜ் நடத்துபவர்களும் டாக்ஸி ஓட்டுபவர்களும் ஒரு பக்கம், சீசனில் பெருமாள்மலையிலிருந்து ஊருக்குள் வர மணிக்கணக்கில் நின்றவர்கள் மறுபக்கம். வாட்ஸ்அப் குழுவிலிருந்து சிலர் விலகினார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் முகம் பார்க்காமல் போனதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

சங்கத்தில் அரசியலே பேசக்கூடாது என்று ஒரு விதி போடச் சிலர் கேட்டார்கள். நிர்வாகக் குழு ஏற்கவில்லை. தண்ணீரும் ரோடும் பிழைப்பும் அரசியல் இல்லாமல் வேறென்ன? வாயை மூடிக்கொள்வதை ஒற்றுமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதில் வேறொரு விதி வைத்தோம். ஒருவருக்கு மறுப்புச் சொல்லும் முன், அவர் சொன்னதை அவரே “ஆமா, அதைத்தான் சொன்னேன்” என்று ஒப்பும்படி திருப்பிச் சொல்ல வேண்டும்.

முதல் கூட்டம் இழுத்தது. பாதி அஜெண்டா அப்படியே நின்றது. ஆனால் அந்தக் கூட்டத்தில்தான் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், டாக்ஸி ஓட்டும் தம்பி சொன்னதைத் திருப்பிச் சொன்னார்: “ஏப்ரல், மே கலெக்‌ஷன் இல்லை என்றால் வருஷம் முழுக்க வண்டி டியூ நிற்கும்.” அப்புறம் அந்தத் தம்பி, நெரிசலில் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டால் டீச்சருக்கு என்ன பயம் என்பதைச் சொன்னார். யாரும் மனம் மாறவில்லை. ஆனால் வண்டிகள் எத்தனை என்பதில்தான் சண்டை, அவை எங்கே நிற்கும் என்பதில் எல்லோருக்கும் ஒரே எண்ணம் என்று அன்றைக்குத் தெரிந்தது.

ஊருக்கு வெளியே பார்க்கிங், மலைப்பாதையில் கழிப்பறை, உள்ளூர் வண்டிகளுக்கு உள்ள விலக்கைச் சோதனைச் சாவடியில் தடையில்லாமல் மதிப்பது. இந்த மூன்றையும் கேட்டு இரு தரப்பாரும் ஒரே மனுவில் கையெழுத்திட்டார்கள். இ-பாஸ் வேண்டுமா என்பதில் ஒத்துப்போகவில்லை. அதையும், இரு தரப்புக் காரணங்களோடு, மினிட்ஸில் எழுதியிருக்கிறோம். பின்னால் வருகிறவர்கள் படித்துப் பார்க்கட்டும்.

சரி, அடுத்த வேலை வந்துவிட்டது. 2025 மார்ச் 13-ஆம் தேதி உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, ஏப்ரல் 1 முதல் ஜூன் முடியக் கொடைக்கானலுக்கு ஒரு நாளைக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகளுக்குத்தான் அனுமதி. எத்தனை வண்டியை மலை தாங்கும் என்று சென்னை ஐ.ஐ.டி.யும் பெங்களூரு ஐ.ஐ.எம்.மும் ஆய்வு செய்கின்றன. அதற்குள் நம் தரப்பில் சொல்ல வேண்டியதைப் பேசி முடிவு செய்ய வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதே விதிப்படி எடுத்துக்கொள்வோம். ஏரிக்கரையில் கடை போடுபவர்கள் சங்க உறுப்பினர்கள் இல்லை என்றாலும் அவர்களையும் அழைத்திருக்கிறோம். குழுவிலிருந்து விலகியவர்களும் இருந்து பேசிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்