மால்டாவுல ரெண்டே மாசம் நின்ன படை

பாப்பா,

நீ அனுப்புன மால்டா தலைநகர் வாலெட்டா போட்டோ பாத்தேன். பின்னாடி தெரியுற அந்த கிராண்ட் ஹார்பர்ல ரெண்டாம் உலகப் போர் சமயத்துல, 1941ல, 'ஃபோர்ஸ் கே'ன்னு ஒரு குட்டி பிரிட்டிஷ் படை நின்னுச்சு தெரியுமா. அரோரா, பெனலப்பின்னு ரெண்டு குரூசர் போர்க்கப்பல், லான்ஸ், லைவ்லின்னு அதவிட சின்னதா ரெண்டு டிஸ்ட்ராயர் போர்க்கப்பல், அவ்ளோதான். அக்டோபர் 21ல வந்து சேந்தாங்க.

இத்தாலிலேர்ந்து லிபியாவுல இருந்த ஜெர்மன் தளபதி ரோமலுக்கு பெட்ரோல், குண்டு எல்லாம் கடல்லதான் போகணும், அத மறிக்கிறதுதான் இவங்க வேலை. நவம்பர் 8ல ஏழு சரக்குக் கப்பல் கெளம்பின சேதி, எதிரியோட ரகசிய மெசேஜ உடைச்சுப் படிச்சதுல முன்னாடியே தெரிஞ்சுபோச்சு, ஆனா அது வெளிய தெரிஞ்சா பொழப்பு கெட்டுடும்ல, அதனால ஒரு விமானத்த அனுப்பி அதுதான் பாத்துச்சுங்குற மாதிரி செட்டப் பண்ணாங்க. பெரிய கில்லாடிங்க! நடுராத்திரி தாண்டி இருட்டுல ரேடார வச்சு அடிச்சதுல ஏழும் காலி, காவலுக்கு வந்த ஃபுல்மினேங்குற டிஸ்ட்ராயரும் போச்சு. இத்தாலிக்காரங்க கிட்ட ரேடார் இல்ல, சுடுறது யாருன்னே புரியல. பிரிட்டிஷ் பக்கம் ஒரு உசுரு போகல. அந்த மாசம் லிபியாவுக்கு அனுப்புன சரக்குல பாதிக்கு மேல கடல்லயே போச்சு.

மாசக் கடைசில நெப்டியூன், ஏஜாக்ஸ்னு இன்னும் ரெண்டு குரூசர் வந்துச்சு. டிசம்பர் 19, ராத்திரி ஒரு மணி சுமாருக்கு லிபியாவோட டிரிப்போலி பக்கத்துல கடல் கண்ணிவெடிக்குள்ள, அதாவது மைனுக்குள்ள, மாட்டிக்கிட்டாங்க, அவ்ளோ ஆழத்துல மைன் இருக்கும்னு யாரும் நெனைக்கவே இல்ல. நெப்டியூன் நாலு மைன்ல மோதி கவுந்துச்சு, எழுநூறு பேருக்கு மேல செத்தாங்க, அதுல 150 பேர் நியூசிலாந்துக்காரங்க. பொழச்சது ஒரே ஒருத்தர், நார்மன் வால்ட்டன், ராஃப்ட்ல கெடந்தவர கிறிஸ்துமஸுக்கு மொத நாள் இத்தாலிக் கப்பல்தான் தூக்குச்சு. காப்பாத்தப் போன கந்தஹார் டிஸ்ட்ராயரும் மைன்ல சிக்கிருச்சு. பெனலப்பி அடிபட்டும் கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு கெளம்பிருச்சு. விட்டுட்டு போயிட்டாங்களேன்னு தோணும், நான் தப்பு சொல்ல மாட்டேன், உள்ள போயிருந்தா அதுவும் முழுகிருக்கும். அரோராவுக்கும் நல்ல அடி, அந்த ஒரு ராத்திரியோட படை சிதறிப்போச்சு. இத்தன நாள் எதிரி பீரங்கி தொட முடியாதத தண்ணிக்குள்ள சும்மா கெடந்த மைன் முடிச்சுருச்சு.

லீவு கெடச்சா அங்க வார் மியூசியம் ஒண்ணு இருக்கு, போயி பாரு. அம்மா உனக்கு பொடி அரைச்சு வச்சிருக்கா, பார்சல் போட அட்ரஸ ஒழுங்கா டைப் பண்ணி அனுப்பு.

அப்பா