ரைசிங் வாங்குமுன் ரிசீவரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்காவில் பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சேகரிப்போர் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தோம். விலை குறைந்த சப்மெஷின் கன்கள் (கைத்துப்பாக்கித் தோட்டாவைத் தொடர்ந்து சுடும் சிறு தானியங்கிகள்) எல்லாமே காசைக் கரைப்பவை என்றும், அதற்கு இரண்டாம் உலகப் போர்க்கால ரைசிங்கே சான்று என்றும் அதில் சொல்லப்பட்டிருந்தது. இந்தத் தீர்ப்பில் பாதிதான் சரி. மீதிப் பாதியை நம்பி ஒருவர் நல்ல துப்பாக்கியைத் தவறவிடலாம், அல்லது கெட்டதை வாங்கி மாட்டிக்கொள்ளலாம்.

இந்தச் சந்தையில் விலை எதற்கு என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 1934-இன் தேசிய ஆயுதச் சட்டம் தானியங்கித் துப்பாக்கிகளைப் பதிவுக்கும் 200 டாலர் வரிக்கும் உட்படுத்தியது. 1968-இல் ஒரே ஒரு மாதம், நவம்பர் 2 முதல் டிசம்பர் 1 வரை, பதிவில்லாதவற்றைப் பதிய மன்னிப்புக் காலம் தந்தார்கள். அதன் பிறகு 1986 மே 19 அன்று கதவு சாத்தப்பட்டது. அந்த நாளுக்கு முன் சட்டப்படி பதிவானவற்றை மட்டுமே தனிநபர் வாங்கவும் விற்கவும் முடியும். எண்ணிக்கை கூடாது, குறையத்தான் செய்யும். போர்க்காலத்தில் தாம்சன் என்ற விலை கூடிய சப்மெஷின் கன்னை விட மலிவாகச் செய்யலாம் என்பதற்காகவே பிறந்த ரைசிங் இன்று பத்தாயிரம் டாலருக்கு முன்னும் பின்னுமாகப் போவது இதனால்தான். தாம்சன் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு போகிறது.

பதிவாகியிருப்பது ரிசீவர் என்ற ஒரு துண்டு இரும்பு, இயங்கும் பாகங்களைத் தாங்கும் உடல் அது. குழல், ஸ்டாக் (தோள்கட்டை), போல்ட் (முன்னும் பின்னும் ஓடித் தோட்டாவை ஏற்றி மூடும் பாகம்), மேகசின் (தோட்டாப் பெட்டி) எல்லாவற்றையும் தேடி வாங்கலாம், மாற்றலாம். ரிசீவர் பழுதானால் உரிமம் பெற்ற பணியாளர் அதைச் செப்பனிடலாமே தவிர, புதியது ஒன்றை அதன் இடத்தில் வைக்க முடியாது. மேலே அழகாக மெருகேற்றி உள்ளே தேய்ந்த ரிசீவருள்ள ரைசிங்கை எட்டாயிரத்துக்கு வாங்குவதைவிட, கீறல் விழுந்த மரக்கட்டையும் நல்ல ரிசீவரும் உள்ளதைப் பதினோராயிரத்துக்கு வாங்குவது மலிவு.

ரைசிங்கின் கெட்ட பெயர் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். யூஜின் ரைசிங் வடிவமைத்த இதை மாசசூசெட்ஸ் மாநிலம் வூஸ்டரில் இருந்த ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன் நிறுவனம் 1941 முதல் தயாரித்தது. .45 ஏ.சி.பி. தோட்டா, 11 அங்குலக் குழல், ஏறத்தாழ 3 கிலோ எடை. 1942-இல் பசிபிக் தீவான குவாடல்கனாலில் அமெரிக்க மரீன் படை இதைப் பயன்படுத்தியது. அங்கே லுங்கா ஆற்றில் இவற்றை வீசச் சொன்னவர் அப்படையின் அதிகாரி மெரிட் எட்சன் என்று சொல்லப்படுகிறது. ஆற்றில் போனது உண்மையோ கதையோ, படைவீரர்களின் எரிச்சல் உண்மை. காரணம் வடிவமைப்பிலேயே இருந்தது. அக்காலத்துப் பெரும்பாலான சப்மெஷின் கன்கள் போல்ட் திறந்த நிலையிலிருந்து சுடும். ரைசிங் போல்ட் மூடிய நிலையிலிருந்து சுடும், அதனால் முதல் தோட்டா குறி தவறாமல் போகும். ஆனால் போல்ட் முன்னே போய் மூடும்போது அதன் பின்பக்கம் மேலெழும்பி, ரிசீவரின் மேற்புறத்திலுள்ள ஒரு குழிவில் அமர வேண்டும். அந்தக் குழிவில் மணலோ கரியோ சேர்ந்தால் போல்ட் முழுதாக எழும்பாது, துப்பாக்கி சுடாது. போல்ட்டைப் பின்னே இழுக்கும் கைப்பிடி முன்கட்டைக்கு அடியிலுள்ள ஒரு பள்ளத்தில் ஓடுகிறது, அந்தப் பள்ளமும் சேறு சேரும் இடம்தான். இதற்கெல்லாம் மேலே, பாகங்கள் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் கையால் அரம் போட்டுப் பொருத்தப்பட்டவை. பத்துப் பேர் ஒன்றாக உட்கார்ந்து சுத்தம் செய்து பாகங்களைக் கலந்துவிட்டால் பத்துத் துப்பாக்கியும் கெட்டது.

ஈரமும் மணலும் இல்லாத சுடுதளத்தில், ஒரே ஆள் பராமரிக்கும் துப்பாக்கிக்கு இந்தக் குறைகளில் பெரும்பாலானவை பொருந்தாது. கட்டுரையாளர் தவறவிட்ட இடம் இதுதான். போர்க்களத்தில் தோற்றது சேகரிப்பில் தோற்க வேண்டியதில்லை. கையால் பொருத்திய பாகங்கள் என்ற குறை மட்டும் சேகரிப்பாளரையும் விடாது. வேறொரு ரைசிங்கின் போல்ட்டை வாங்கிப் போட்டால் அப்படியே உட்காரும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

இனி, மேசையில் வைத்து எதைப் பார்ப்பது என்பதற்கு வருவோம். துப்பாக்கி காலி என்று உறுதி செய்தபின், முன்கட்டைக்கு அடியிலுள்ள பெரிய திருகைக் கழற்றி மரத்திலிருந்து பிரிக்கச் சொல்லுங்கள். பிரிக்க மறுக்கும் விற்பனையாளரிடம் அதற்கு மேல் பேச்சு வேண்டாம். ரிசீவரின் பின்முனையை மூடும் திருகுமூடி ஒன்று இருக்கும், 'பம்பர் பிளக்' என்பார்கள். தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியலையும் (ஹேமர்) அதன் ஸ்பிரிங்கையும் உள்ளே பிடித்து வைப்பது அதுதான். இது தளர்ந்திருக்கும்போது சுட்டுக்கொண்டே போனால் ரிசீவரின் உள்மரை அடிபட்டு மழுங்கும். ரைசிங்குகள் சாகும் முதல் வழி இது. பிளக்கைக் கையால் திருகிப் பாருங்கள். ஆடாமல், இழுபறி இல்லாமல், நேராக ஏற வேண்டும். கழற்றிய பின் டார்ச் விளக்கால் ரிசீவரின் மரையைச் சுற்றிலும் பாருங்கள். மரையின் முகடுகள் சாய்ந்திருந்தால், இரும்புத் துகள் மினுங்கினால், பசை போட்டு இறுக்கிய தடயம் தெரிந்தால், விலையைக் குறைத்துப் பேச வேண்டாம், விட்டுவிடுங்கள்.

அடுத்தது மேற்புறக் குழிவு. போல்ட்டை எடுத்துவிட்டுக் கரைப்பானில் நனைத்த துணியால் குழிவைத் துடைத்து, அதன் பின்விளிம்பைப் பாருங்கள். அந்த விளிம்பு கூர்மையாக, ஒரே சீராக இருக்க வேண்டும். உருண்டு மழுங்கியிருந்தால் போல்ட் தாமதிக்காமல் பின்னே பாயும், ஒவ்வொரு குண்டுக்கும் அடி கூடும், அந்த அடியைக் கடைசியில் வாங்குவது மேலே சொன்ன பம்பர் பிளக்தான். ஒரு குறை இன்னொன்றை வளர்ப்பதால் இவ்விரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். போல்ட்டில் இதற்கு இணையான பின்முகட்டையும் பாருங்கள். போல்ட்டின் தேய்மானம் மன்னிக்கத்தக்கது, ரிசீவரின் தேய்மானம் அப்படியல்ல.

குழலுக்கு அதிக நேரம் தேவையில்லை. உள்ளே வெளிச்சம் விட்டுப் பார்த்தால் வீக்கம் இருக்குமிடத்தில் இருண்ட வளையம் தெரியும். ரிசீவரில் பொறித்த எழுத்துகளின் ஓரங்கள் மழுங்கியிருந்தால் யாரோ மெருகேற்றி மறுபூச்சு கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள். இயக்கத்துக்குக் கேடில்லை, சேகரிப்பு மதிப்புக்குத்தான் கேடு.

மேகசினில் கஞ்சத்தனம் காட்டினால் துப்பாக்கியின் மீது தப்பான பழி விழும். முதலில் வந்த 20 தோட்டா மேகசினில் தோட்டாக்கள் இரு வரிசையாக அடுக்கப்பட்டு மேலே ஒற்றையாகக் குறுகும். அந்தக் குறுகலில்தான் சிக்கல். பிறகு வந்த 12 தோட்டா மேகசினின் பக்கங்கள் உள்ளழுத்தப்பட்டவை, தோட்டா ஒற்றை வரிசையில் ஏறும், சிக்கல் குறைவு. எந்த மேகசினானாலும் மேலுதடுகள் இரண்டும் ஒரே அளவில் வளைந்திருக்கின்றனவா என்று பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். தகரம் மென்மையானது, ஒருமுறை கீழே விழுந்தாலே உதடு கோணும்.

சுட்டுப் பார்க்க வாய்ப்புத் தந்தால், வழக்கமான 230 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) உருண்டைமுனைத் தோட்டாவே போதும். அழுத்தம் கூட்டிய தோட்டாவை இதில் போடக் கூடாது. முதலில் 12 தோட்டாவை ஒவ்வொன்றாகச் சுட்டு வெற்றுக் கூடுகள் ஒரே பக்கம் ஒரே தூரத்தில் விழுகின்றனவா என்று பாருங்கள். பிறகு மூன்று நான்காகச் சுட்டுப் பாருங்கள். சில மேகசின் ஓடியதும் பம்பர் பிளக்கை மறுபடி தொட்டுப் பாருங்கள். அதற்குள் தளர்ந்திருந்தால் மரை ஏற்கெனவே போய்விட்டது.

வகைகளில் மாடல் 50-க்கு மரக்கட்டையும் குழல்முனையில், சுடும்போது முனை மேலெழுவதைக் குறைக்கும் காம்பென்சேட்டரும் உண்டு. மாடல் 55-க்கு மடக்குக் கம்பிக் கட்டை, காம்பென்சேட்டர் கிடையாது. பார்க்கக் கவர்ச்சியானது, தோளில் நிற்காது. மாடல் 60 தானியங்கியே அல்ல, ஒவ்வொன்றாகச் சுடும் கார்பைன் (குட்டை ரைஃபிள்), அதை இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. குழலில் 28 குளிர்விப்பு வளையங்களும் நீலப் பூச்சும் இருந்தால் முற்காலத்தது, 14 வளையங்களும் சாம்பல்நிற பார்க்கரைஸ் பூச்சும் பிற்காலத்தது. 28 வளையக் குழலும் பார்க்கரைஸ் பூச்சும் சேர்ந்து இருந்தால், வேறு துப்பாக்கியின் பாகங்கள் கலந்ததா என்று கேளுங்கள்.

ரைசிங்கோடு ஒப்பிடப்படும் இன்னொரு சப்மெஷின் கன்னான மாக்-10 பற்றி ஒரு சொல். தகடு மடித்துச் செய்தது, எளிது, பாகங்கள் தாராளம். ஆனால் நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் மேல் சுடும். 30 தோட்டா மேகசின் இரண்டு விநாடிக்குள் காலியாகும், வாங்கிய பிறகும் செலவு ஓயாது. ரைசிங் ஏறத்தாழ அதில் பாதி வேகம்தான். ஸ்டென் என்ற பிரிட்டிஷ் போர்க்கால சப்மெஷின் கன் வேண்டுமென்பவர்கள், 1986-க்கு முன் சிறு தயாரிப்பாளர்கள் புதிதாகச் செய்து பதிந்த குழாய் ரிசீவரா, போர்க்காலத்து மூலமா என்று கேட்க வேண்டும். முதல் வகையில் வெல்டிங்கின் தரம் ஆளுக்கு ஆள் மாறும்.

காகிதங்களில் ஏமாறுவோர்தான் அதிகம். சந்தை விலையில் பாதிக்கு ஒன்று விளம்பரமானால், அது பெரும்பாலும் 'டீலர் சாம்பிள்' எனப்படும் வணிகர் மாதிரியாக இருக்கும். 1968-க்குப் பின் இறக்குமதியானவையும் 1986-க்குப் பின் செய்தவையும் உரிமம் பெற்ற வணிகர்களுக்கும் அரசுத் துறைகளுக்குமே உரியவை, தனிநபருக்கு மாற்ற முடியாது. விற்பவரின் ஒப்புதல் பெற்ற படிவத்தைக் கேட்டு வாங்கி, அதில் கட்டுப்பாட்டுக் குறிப்பு உண்டா என்று படியுங்கள். வரிசை எண், மாடல், காலிபர், குழல் நீளம் நான்கும் துப்பாக்கியோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பதிவே இல்லாதது என்றால் இலவசமாகத் தந்தாலும் தொடக் கூடாது. இன்று அதைப் பதிய வழி இல்லை.

விற்பவர் வேறு மாநிலத்தவரானால் பொதுவாக உங்கள் மாநில வணிகர் வழியாகத்தான் வரும். தனிநபரிடமிருந்து வணிகருக்கு மாற ஒரு 200 டாலர் வரி, வணிகரிடமிருந்து உங்களுக்கு மாற இன்னொரு 200. வணிகருக்கும் வணிகருக்கும் இடையே என்றால் வரியில்லை. ரைசிங் ஐம்பது ஆண்டைத் தாண்டிய அரும்பொருள் என்பதால், சேகரிப்பாளர் உரிமம் வைத்திருப்பவர் நடுவில் வணிகர் இல்லாமல் நேரடியாகப் பெறலாம். 2026 ஜனவரி 1 முதல் சைலன்சருக்கும் குறுங்குழல் துப்பாக்கிக்கும் வரி பூஜ்யமாகிவிட்டதைக் கேட்டுச் சிலர் இதற்கும் வரி போய்விட்டது என்று நினைக்கிறார்கள். தானியங்கிக்கு 200 டாலர் அப்படியேதான் இருக்கிறது.

தமிழ் வாசகர்களுக்குத் தனியாக ஒன்று. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, எந்தத் துப்பாக்கியையும் வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். கிரீன் கார்டு பெற்றவருக்கு இந்தத் தடை இல்லை. கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, இல்லினாய் மாநிலங்களில் வசிப்பவர்கள் இதைச் சேகரிப்பாக வைக்க எண்ணவே வேண்டாம். அனுமதி உள்ள மாநிலத்தவரும் மாநில எல்லையைத் தாண்டி எடுத்துச் செல்ல 5320.20 படிவத்துக்கு முன்கூட்டியே ஒப்புதல் பெற வேண்டும்.

துப்பாக்கியை உங்கள் பெயருக்கு மாற்றக் கோரும் படிவம் 4 ஒப்புதலாகும் வரை துப்பாக்கி வணிகரிடமேதான் இருக்கும், பணம் மட்டும் முன்பே போய்விடும். எனவே மேலே சொன்ன சோதனை முழுவதும் பணம் கட்டுமுன் முடிய வேண்டும். மறுக்கப்பட்டால் முழுத்தொகையும் திரும்ப வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அதே பேச்சில் 12 தோட்டா மேகசின் நான்கு, ஒரு ஃபயரிங் பின் (தோட்டாவை இடிக்கும் ஊசி), ஒரு எக்ஸ்ட்ராக்டர் (வெற்றுக் கூட்டை இழுக்கும் கொக்கி), ஒரு பம்பர் பிளக் ஆகியவற்றையும் விலையோடு சேர்த்துக் கேளுங்கள். துப்பாக்கி கைக்கு வந்த பிறகு இவற்றை ஒவ்வொன்றாகத் தேடுவது கூடுதல் செலவு.

இப்படிக்கு,
பழைய ராணுவத் துப்பாக்கிகள் சேகரிப்போர் சிலர்
அமெரிக்கா