ஓயா ஆற்றை மறைக்கும் வெள்ளத் தடுப்புச் சுவர் தொடர்பான மூன்றாவது கோரிக்கை மனு

கௌரவ பிரதேச செயலாளர் அவர்கட்கு,

ஐயா,

பாலத்தடி லயன் வரிசை வீடுகளில் வசிக்கும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் சார்பில் பணிவுடன் சமர்ப்பிப்பது.

மார்கழியில் ஒரு மனுவும், தைப்பொங்கல் கழிந்த மறுவாரம் இன்னொரு மனுவும் தங்கள் அலுவலகத்தில் நேரில் கையளித்தோம். இரண்டுக்கும் பதில் கிடைக்கவில்லை. இடத்தைத் தாங்கள் நன்கறிவீர்கள். சுவருக்கு அடிக்கல் நாட்டிய அன்று தாங்கள் நின்ற கோயில் திண்ணையிலிருந்து ஓயாவின் இரு கரையும் தெரிந்தன. இன்று அங்கு நின்றால் ஏழடிக் கொங்கிறீட் மட்டுமே தெரியும்.

1. சுவர் வேண்டாம் என்று நாங்கள் கூறவில்லை. ஓயா வீட்டுக்குள் புகுந்த ஆண்டுகளை நாங்கள் மறக்கவில்லை.

2. எங்களை வருத்துவது, வெள்ளம் வருவதைப் பார்க்க முடியாமற் போனதே. மேலே மலையில் கொட்டிய மழை, இங்கே தூறல்கூட இல்லாத வேளையில் ஓயாவில் வந்திறங்கும் என்பதால், வானத்தைப் பார்த்து எதையும் அறிய இயலாது. தண்ணீரைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். நடு ஆற்றுப் பாறை மூழ்கினால் பொருட்களைக் கட்டுவோம். படித்துறையின் மூன்றாம் படி நனைந்தால் பிள்ளைகளையும் முதியவர்களையும் கோயில் மேட்டுக்கு ஏற்றுவோம். பாட்டன் காலத்திலிருந்து எங்களுக்கு இருந்த அளவுகோல் அது ஒன்றுதான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வீசிய இரவு மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. சுவருக்கு அப்பால் இரைச்சல் மட்டும் கேட்டது. ஏணி சாத்தி டோர்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார். அதன்பின் ஏற எவரும் துணியவில்லை. ஓயாவின் மேற்புறத்தில் சுவர் முடியும் முனையைச் சுற்றிக்கொண்டு தண்ணீர் லயன் வீடுகளின் பின்புறமாக நுழைந்ததை, கட்டிலிலிருந்து கையைத் தொங்கவிட்டுப் படுத்திருந்த ஒரு மூதாட்டியின் விரல்கள் நனைந்தபோதுதான் அறிந்தோம். ஐயா, வெள்ளத்தை ஒரு கிழவியின் விரல் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது! அன்று உயிர்ச்சேதம் நேராதது எங்கள் புண்ணியமேயன்றிச் சுவரின் சாமர்த்தியம் அன்று.

3. காட்சி அழகுக்காகப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்க முடியாது என்று வாய்மொழியாக எங்களுக்குச் சொல்லப்பட்டது. நாங்கள் கேட்டது அழகை அல்ல. (கேட்டாலும் அதில் வெட்கமில்லை, தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு அந்தியில் ஓயாக்கரையில் உட்காருவதைத் தவிர எங்களுக்கு வேறு பொழுதுபோக்கு இருந்ததில்லை. கொழும்பில் 1859இல் அமைத்த காலிமுகத்திடலில் மக்கள் இன்றும் தாழ்ந்த சுவரடியில் அமர்ந்து கடலைப் பார்க்கிறார்கள்.) இங்கிலாந்தில் கெஸ்விக் என்னும் மலைநாட்டு ஊரில், ஆறு கண்ணுக்குத் தெரியட்டும் என்று வெள்ளச் சுவரின் மேற்பகுதியைத் தடித்த கண்ணாடியால் அமைத்தார்கள். 2015 டிசம்பர் மழையில் ஆறு அந்தச் சுவரையும் தாண்டியது. எவ்வளவு உயர்த்தினாலும் ஒருநாள் தண்ணீர் தாண்டும் என்றால், அந்த நாளில் அது வருவதைப் பார்க்கும் வழியையும் அடைத்துவிட்டு எங்களை எதை நம்பி உறங்கச் சொல்கிறீர்கள்? கண்ணாடி கேட்கும் நிலையில் நாங்கள் இல்லை. மண்ணும் கல்லும்தான் கேட்கிறோம். அதற்கு இன்னும் எத்தனை மனு எழுதுவது? ஒவ்வொரு மனுவுக்கும் இரண்டு பேர் ஒரு நாள் கூலியை இழந்து பஸ் ஏறி வருகிறோம்.

4. சுவரின் உயரத்தில் ஓர் அங்குலமும் குறைக்க வேண்டியதில்லை. உட்புறமாக மூன்றடி உயரத்தில் கல் பதித்த நடைமேடையும், முதியவர் ஏறக்கூடிய படிகளும் அமைத்தால், அதில் நிற்பவர் நெஞ்சளவுச் சுவருக்கு மேலாக ஓயாவைப் பார்க்கலாம். பாலத் தூணில் நீர்மட்ட அளவுகளைத் தெளிவாகப் பெயின்ட் செய்து தர வேண்டும். சுவரின் அந்த மேற்புற முனையைக் கோயில் மேட்டுடன் இணைக்க வேண்டும். மலைச்சரிவு நீர் உள்ளே தேங்காதிருக்க, ஆற்று நீர் திரும்பி ஏறாத ஒருவழிக் கதவுடன் வடிகால் வேண்டும். நடைமேடை மட்டுமாவது முதலில் வேண்டும்.

தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன், பகலில் அல்லாது ஒரு மழை இரவில் தாங்கள் நேரில் வந்து, அந்தச் சுவருக்குப் பக்கத்தில் அரைமணி நேரம் நின்று பார்க்குமாறு மீண்டும் தாழ்மையுடன் வேண்டுகிறோம். ஓயாவை நாங்கள் பார்க்க வழி செய்து தாருங்கள், ஐயா.

இப்படிக்கு,
பாலத்தடி லயன் குடியிருப்பாளர்கள்
(கையொப்பங்களும் பெருவிரல் அடையாளங்களும் இணைக்கப்பட்டுள்ளன)

பிரதி: கிராம உத்தியோகத்தர்
இணைப்பு: முன்னைய இரு மனுக்களின் பிரதிகள்