மார்கழிக் குளிரும் உன் கிளட்ச் பெடலும்

மன்னார்குடி,
மார்கழி 20

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் நீ போகிறபோக்கில் ஒன்று சொன்னாய். காலையில் கிளட்ச்சை மிதித்தால் கல் மாதிரி இருக்கிறது, காலை எடுத்தாலும் பெடல் மெதுவாகத்தான் மேலே வருகிறது, பத்து நிமிஷம் ஓட்டியதும் சரியாகிவிடுகிறது என்று. அதற்குள் அம்மா ஃபோனை வாங்கிக்கொண்டாள். எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. முப்பது வருஷமாகப் பட்டறையில் எத்தனையோ வண்டியின் பெடலை என் காலால் மிதித்துப் பார்த்துப் பழுது சொல்லியிருக்கிறேன். நீ ஜெர்மனியில் இருக்கிறாய், உன் வண்டியை மிதித்துப் பார்க்க முடியாத தூரத்தில் நான் இருக்கிறேன். அதனால் தெரிந்ததையெல்லாம் எழுதிவிடுகிறேன், நீ பார்த்துக்கொள்.

முதலில், பயப்படாதே. குளிரில் கனத்து, சூடானதும் தானாக இளகினால் அது பெரும்பாலும் குளிரின் வேலைதான்.

நீ ஓட்டப் பழகிய நம்முடைய மாருதி 800-இல் கிளட்ச்சுக்குக் கேபிள். மிதித்தால் உள்ளே கம்பி இழுக்கும், அவ்வளவுதான். உன் வண்டி அப்படியில்லை. நீ பானெட்டைத் திறந்து எடுத்து அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிரேக் ஆயில் டப்பாவின் பக்கவாட்டிலிருந்து ஒரு கறுப்பு டியூப் தனியாகப் பிரிந்து போகிறது. அது கிளட்ச்சுக்குப் போவது. நீ பெடலை மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டர் அந்த ஆயிலைத் தள்ளும். ஆயில் மெல்லிய குழாய் வழியாகப் போய், கியர் பாக்ஸ் பக்கம் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ளும். அது ரிலீஸ் பேரிங்கைத் தள்ள, கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடித்திருக்கும் பிரஷர் பிளேட் அதை விட்டுவிடும், என்ஜினின் சுழற்சி கியர் பாக்ஸுக்குப் போகாது. நீ காலை எடுத்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அதே ஆயிலை அதே குழாய் வழியாகத் திருப்பி அனுப்ப வேண்டும்.

இன்றைக்குக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தேன், ஒரு சொட்டு வரவில்லை. அம்மா அதை எடுத்து அடுப்போரம் வைத்தாள். இங்கே என்ன குளிர், 21 டிகிரி இருக்கும். தேங்காய் எண்ணெய்க்கு 24 டிகிரிக்குக் கீழே போனாலே போதும், உறைந்துவிடும். பக்கத்திலேயே இருந்த நல்லெண்ணெய்க்கு ஒன்றும் ஆகவில்லை. பிரேக் ஆயில் அந்த நல்லெண்ணெய் ரகம். மைனஸ் 40 டிகிரியிலும் ஓடவேண்டும் என்று கணக்குப் போட்டே செய்கிறார்கள். உறையாது, ஆனால் கெட்டிப்படும். பொங்கலுக்கு வெல்லப்பாகு காய்ச்சி இறக்கினால், சூட்டில் தண்ணீர் மாதிரி ஊற்றும், ஆற ஆறக் கரண்டியை விட்டு இறங்காது, பார்த்திருக்கிறாய் அல்லவா? அந்தப் பாகை ஒரு மெல்லிய குழாயில் தள்ளிப் பார். போகவும் சிரமம், வரவும் சிரமம். உன் பெடல் கனப்பதும், மெதுவாக எழுவதும் அதனால்தான்.

ஒரு டிசம்பரில் சவாரி ஏற்றிக்கொண்டு ஊட்டிக்குப் போனபோது நானே இதைப் பார்த்தேன். ராத்திரி தலைக்குந்தா பக்கம் வண்டியை நிறுத்திவிட்டுப் படுத்தேன். விடிந்து பார்த்தால் புல்லெல்லாம் உப்புத் தூவிய மாதிரி வெள்ளையாக உறைபனி. வேனில் ஏறி கிளட்ச்சை மிதித்தால் வேறு யாருடைய வண்டியையோ மிதிப்பது போல் இருந்தது. கியர் கம்பியும் அசையவில்லை. கியர் பாக்ஸில் இருப்பதும் எண்ணெய்தானே, அதுவும் கெட்டிப்பட்டிருந்தது. மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது.

நீ செய்ய வேண்டியது இது. சாவி திருப்புவதற்கு முன் பெடலை நிதானமாக, அடிவரை மூன்று நான்கு தடவை மிதித்து விடு. அப்புறம் கிளட்ச்சை முழுக்க மிதித்துக்கொண்டே ஸ்டார்ட் பண்ணு. அப்போது கியர் பாக்ஸின் கெட்டி எண்ணெயைக் கலக்கும் வேலை ஸ்டார்ட்டருக்கு இருக்காது, பாட்டரிக்கும் நல்லது. நின்ற இடத்திலேயே என்ஜினை ஓடவிட்டுச் சூடேற்றுவது ஜெர்மனியில் சட்டப்படி கூடாது. தேவையுமில்லை, மெதுவாக ஓட்டினாலே சூடாகும்.

ஒன்றை மட்டும் கவனி. பெடல் மெதுவாக எழும்போது உன் கால் அதைவிட வேகமாக மேலே வந்துவிடும். கிளட்ச் பிடித்துவிட்டது என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதிப்பாய், உள்ளே பிளேட் இன்னும் முழுக்கப் பிடித்திருக்காது. வழுக்கித் தேயும். காலை நேரத்தில் காலைப் பெடலோடு சேர்த்தே மேலே கொண்டுவா. வழியெல்லாம் பெடல் மேல் காலை வைத்தபடியே ஓட்டும் பழக்கம் உனக்கு இல்லை, அது எனக்குத் தெரியும். பாமணி ஆற்றங்கரை ரோட்டில் உனக்குச் சொல்லிக்கொடுத்தபோது அதற்காகத்தானே அத்தனை தடவை அதட்டினேன். பனிக்குப் போடும் தடித்த பூட்ஸ் போட்டிருந்தால் கிளட்ச் பிடிக்கும் இடம் காலுக்குத் தெரியாது. ஓட்டுவதற்கென்று ஒரு மெல்லிய ஷூவை வண்டியிலேயே வைத்துக்கொள்.

அடுத்தது ஆயில். இதில்தான் எனக்குச் சந்தேகம். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்லக் குடிக்கும். ஐப்பசி மழையில் நம் உப்பு ஜாடி நீர்விடுவதைப் போலத்தான், ஆனால் இது கண்ணுக்குத் தெரியாது. ஈரம் சேர்ந்த ஆயில் குளிரில் இன்னும் கெட்டியாகும், சூட்டில் சீக்கிரம் கொதிக்கும். அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுவது நல்லது. நீ வாங்கியது பழைய வண்டி. முன்னே வைத்திருந்தவர் கடைசியாக எப்போது மாற்றினார் என்று சர்வீஸ் புத்தகத்தில் பார். புது ஆயில் இளந்தேன் நிறத்தில் இருக்கும். டப்பாவில் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், மாற்றிவிடு. பிரேக் ஆயிலில் டாட் என்று எண் போட்டு ரகம் பிரித்திருப்பார்கள். டாட் 4 போடுவதா, குளிருக்கு அதைவிட இளகிய டாட் 5.1 போடுவதா என்பதை வண்டியோடு வந்த புத்தகம் சொல்லும். வெறும் டாட் 5 என்று எழுதியிருந்தால் தொடாதே, அது சிலிகான், உன் வண்டி ஆயிலோடு சேராது. நீயே ஊற்ற வேண்டாம். பெயின்டில் பட்டால் அரித்துவிடும், குழாயில் காற்றுப் புகுந்தால் அதை வெளியே எடுக்க வேண்டும், பட்டறையிலேயே கொடுத்துவிடு.

சிலிண்டருக்குள் ரப்பர் வாஷர் இருக்கிறது. குளிரில் ரப்பர் விறைக்கும், கொஞ்சம் சுருங்கும். பழைய சைக்கிள் பம்பில் வாஷர் காய்ந்துபோனால் எவ்வளவு அடித்தாலும் காற்று ஓரமாகவே போகுமே, அதே கதை. அப்படி ஆனால் பெடல் கனக்காது, மாறாக மெத்து மெத்தென்று போகும். நான் பயப்படுவது அதற்குத்தான். பெடல் பஞ்சு மாதிரி இறங்கினாலோ, அடியிலேயே தங்கிவிட்டாலோ, சூடான பிறகும் கனம் குறையாவிட்டாலோ, டப்பாவில் ஆயில் மட்டம் குறைந்தாலோ, பெடல் கம்பியை ஒட்டி ஈரம் தெரிந்தாலோ, அன்றைக்கே வண்டியைக் காட்டு. பிரேக்குக்கும் அதே டப்பாதான், மறந்துவிடாதே.

நீங்கள் ஊருக்கு வரும்போது வண்டி ஒரு மாதம் சும்மா நிற்கும் என்றாயே, அதைப் பற்றியும் சொல்லவேண்டும். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்ததே, நீ அப்போது கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்தாய். நம் கார் ஷெட்டின் கூரை பறந்து, வண்டி மழையில் நனைந்து ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே நின்றது. விழுந்த தென்னையைப் பார்ப்பதா, வண்டியைப் பார்ப்பதா? அப்புறம் ஒருநாள் ஸ்டார்ட் பண்ணினேன். பெடல் எப்போதும் போலத்தான் இறங்கியது. கியர் போட்டால் கரகரவென்று ஒரே சத்தம், விழவேயில்லை. கிளட்ச் பிளேட் துருப்பிடித்து, என்ஜினோடு சுழலும் கனத்த சக்கரமான ஃப்ளை வீலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆள் நடமாட்டமில்லாத ரோட்டில், என்ஜினைச் சூடாக்கி அணைத்து, இரண்டாவது கியரில் கிளட்ச்சை மிதித்தபடியே ஸ்டார்ட் பண்ணி, ஆக்சிலேட்டரை மிதிப்பதும் விடுவதுமாக ஓட்டினேன். கொஞ்ச தூரத்தில் டக்கென்று ஒரு சத்தம், விட்டுவிட்டது. பின்னால் கழற்றிப் பார்த்தபோது ஃப்ளை வீலில் பிளேட்டின் அச்சு செம்மண் நிறத்தில் அப்படியே பதிந்திருந்தது.

நீ அந்த வேலையெல்லாம் செய்யாதே, ஊருக்குள் ஆபத்து. அங்கே பனிக்கு ரோட்டில் உப்புப் போடுகிறார்கள், ஈரத்தோடு உப்பும் சேர்ந்தால் துரு இன்னும் சீக்கிரம் ஏறும். வண்டியைக் கழுவி, ஒரு சுற்று ஓட்டி ஈரத்தைக் காயவிட்டு நிறுத்து. சமதரையாக இருந்தால் கியரில் போட்டு வை, ஹாண்ட் பிரேக் போட்டால் குளிரில் அப்படியே உறைந்து பிடித்துக்கொள்ளும். வாரம் ஒரு தடவை யாராவது நண்பரை ஓட்டச் சொல்.

வரும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது, காலையில் முதல் தடவை மிதித்துவிட்டு, பெடல் அடியிலிருந்து எத்தனை விரல் உயரத்தில் வண்டி நகர ஆரம்பிக்கிறது என்று பார்த்துச் சொல். சூடான பிறகும் ஒரு தடவை பார். இரண்டையும் குறித்து வைத்துக்கொள், நான் கேட்பேன்.

அன்புடன்,
அப்பா